கரைக்குக் கீழே ஆள் இருக்கிறது

மாத்தூரில் எங்கள் தெரு ஏரியின் மண்கரைக்கு நேர் கீழே இருக்கிறது. கரை ஒன்றும் பெரிய அணைக்கட்டு இல்லை. இரண்டு ஆள் உயரம், மேலே ஒரு பைக் போகலாம், அவ்வளவுதான். ஆனால் போன மழையில் அடியில் கசிந்து தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். இந்த வருஷம் மழைக்குள் கரையைப் பலப்படுத்தாவிட்டால் எனக்குத்தான் திண்டாட்டம். துறைமுகத்தில் லாரியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார் என் வீட்டுக்காரர். நல்ல கனமான ஆள். தண்ணீர் வந்தால் யார் தூக்குவது?

அந்த நேரத்தில்தான், கரை எந்த அபாய வகுப்பில் சேரும் என்று பார்க்க இன்ஜினியர் வருவதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஃபைலும் கையுமாக யார் வந்தாலும் முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, பின்வாசல் வழியாக உள்ளே வந்து மூச்சுவிடாமல் உட்கார்ந்துவிடுவோம். இருப்பது புறம்போக்கு நிலம். ஆளே இல்லாத வீட்டில் யாரைப் போய்க் காலி பண்ணச் சொல்வார்கள்? அன்றும் தெரு முழுக்கப் பூட்டு.

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். இன்ஜினியர் சின்ன வயசுப் பெண், கால் நிறையச் சேறு. உதவியாளரிடம் அவள் பேசியது தெளிவாகக் கேட்டது.

“கரை உடைஞ்சா கீழ எத்தனை பேருக்குப் பாதிப்பு, அதை வெச்சுதான் வகுப்பு. இங்க ஆளே இல்ல போலிருக்கே. குறைந்த அபாயம்னு போட்டுடலாம். ரிப்பேர் மெதுவா பாத்துக்கலாம்.”

அதைக் கேட்டதும் பின்வாசல் பக்கம் திரும்பினேன். அதற்குள் கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “யம்மா, குத்துக்கல்லாட்டம் நான் ஒர்த்தன் இங்க கீறேன், ஆளே இல்லன்றியே.”

எதிர்வீட்டில் அதே நேரம் குக்கர் விசில் அடித்தது. அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். இனி என்ன மானம் போக மிச்சம் இருக்கிறது என்று நான் பின்பக்கமாக ஓடி வந்து தெரு நடுவில் நின்று கத்தினேன். “ஒளிஞ்சது போதும், வெளிய வாங்க. ஆள் இல்லன்னா கரைய கட்டமாட்டாங்களாம்.”

“காலி பண்ண வரலியாக்கா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி, உள்ளேயிருந்தே.

“நீ இப்டியே ஒளிஞ்சிகினு இரு. ஏரியே வந்து காலி பண்ணும்.”

பூட்டுகள் திறந்தன. குழந்தையும் குட்டியுமாக அசட்டுச் சிரிப்போடு எல்லோரும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “அப்போ இது உயர் அபாய வகுப்பு. மழைக்கு முன்னாடி வேலையை முடிக்கணும்னு எழுதறேன்” என்றாள். தெருவே கை தட்டியது. அபாயம் என்று கேட்டுக் கை தட்டிய ஜனங்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

பிறகு வீடு வீடாக வந்து எத்தனை பேர் என்று கேட்டாள்.

“ரெண்டு பேரும்மா” என்றார் வீட்டுக்காரர்.

“மூணு” என்றேன்.

“இன்னாமே, ஜாஸ்தி ஆள் காட்னா சீக்கிரம் கட்டுவாங்கன்னு பொய் சொல்றியா?”

நாள் தள்ளிப்போயிருப்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஒடிந்த காலோடு மழையையும் நினைத்துக்கொண்டு கிடப்பவருக்கு இதுவும் ஒரு கவலையாகிவிடுமே என்று மறைத்து வைத்திருந்தேன். வயிற்றில் கை வைத்துக் காட்டினேன்.

கட்டிலில் கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி, “மூணுன்னே எழுதிக்கோம்மா” என்றார்.