மாமி கீறிய காடு

பள்ளிக்கூடத்தில் எனக்காக எல்லோரும் சேர்ந்து கைதட்டியது ஒரேயொரு தடவைதான். அதுவும் நான் சொன்ன ஒரு பொய்க்காக. அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமி ஒரு படத்தைக் கீறி முடிக்கவேண்டும், அதற்கு இன்னும் ஒரு கிழமை, ஏழே ஏழு நாள் வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம். நோக்கம் நல்லதென்றால் பொய் சொன்னாலும் தப்பிவிடலாம் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. அப்பாவை விடப் பன்னிரண்டு வயது இளையவர். சைக்கிளில் திரிவார், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பார், படம் கீறுவார். இந்த மூன்றில் எது பெரிய குற்றம் என்று மானிப்பாயில் எங்கள் சொந்தக்காரர்களால் முடிவெடுக்க முடியவில்லை. அந்த வருடம் மாமியும் கூட்டாளிகள் நாலு பேரும் நல்லூரில் ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தார்கள். காடுதான் விஷயம். மரத்தில் இருக்கும் காடு, மிருகத்தில் இருக்கும் காடு, மனிதரில் இருக்கும் காடு. ஒருவர் பஸ் நிலையத்து நாய்களைக் கீறினார். இன்னொருவர் கலியாண வீட்டில் முதல் பந்திக்குப் பாயும் சனத்தைக் கீறினார். அதில் பச்சைச் சீலை கட்டிய ஒரு பெண் இலைக்கு முன்னால் பத்து விரலையும் விரித்துக்கொண்டு நின்றாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து, தன் பச்சைச் சீலையை அலுமாரியின் அடித்தட்டில் ஒளித்து வைத்தார்.

மாமிக்கு மட்டும் கீற ஒன்றும் அகப்படவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் காங்கேசன்துறையில் எங்கள் காணியை விட்டார்கள். சண்டைக் காலத்தில் ஊர்ச்சனம் எல்லாம் எழும்பி ஓடியபின் இருபத்தாறு வருடம் இராணுவத்தின் கம்பிவேலிக்குள் கிடந்த காணி அது. அப்பாவும் மாமியும் பிறந்த வீடு அதற்குள்தான் இருந்தது. அப்பாவுக்கு ஒரே அவசரம். காட்டை வெட்டி, தைக்கு முன்னம் அத்திவாரம் போட்டுவிடவேண்டும்.

முதல்நாள் நானும் போனேன். வீட்டைப் பார்க்கத்தான் போனேன், ஆனால் அங்கே வீட்டை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாமல் ஒரு காடு நின்றது. எங்கள் பக்கத்தில் வேலிக்குப் பூவரசங் கதியால் நடுவார்கள். கதியால் என்றால் கைத்தடிப் பருமனில் ஒரு பச்சைத் தடி. அது துளிர்க்கும், வருடா வருடம் வெட்டிக் கட்டுவார்கள். இருபத்தாறு வருடம் வெட்ட ஆளில்லாமல் அந்தத் தடிகள் ஒவ்வொன்றும் என் இரண்டு கைக்கும் அடங்காத மரமாகியிருந்தது. வரிசை மட்டும் குலையவில்லை. ஒரு வேலியே எழும்பி வானத்துக்குப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாயை மூட மறந்து நின்றேன்.

வீட்டின் நடு ஹோல் இருந்த இடத்தில் ஒரு ஆலமரம் நின்றது. கூரையில்லை, கதவில்லை. சுவரையெல்லாம் வேர்கள் பிடித்து வைத்திருந்தன. உள் அறையிலிருந்து ஏதோ மூச்சு விட்டது. பிறகு கதவில்லாத நிலை வழியாக ஒரு நாம்பன் வெளியே வந்தது. அடேயப்பா, அப்படியொரு மாட்டை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை. ஓடிப்போன சனம் அவிழ்த்துவிட்ட மாடுகளின் பேரனோ பூட்டனோ, கயிறே அறியாத பிறவி. மூக்கில் கயிறில்லை, தொடையில் குறி சுட்ட தழும்பில்லை. வீட்டுக்காரரைப்போல வாசலில் நின்று, என்ன அலுவலாக வந்தீர்கள் என்று கேட்கிற மாதிரி எங்களைப் பார்த்தது. மாமியின் கை என் கையைப் பிடித்தது.

“அண்ணை, எங்கடை வீட்டிலை ஆர் குடியிருக்கிறார் எண்டு பாருங்கோ” என்று மாமி குசுகுசுத்தார்.

“கட்டாக்காலி மாடு. வேறை ஆர்?” என்றார் அப்பா.

அடுத்தநாள் தொடக்கம் மாமி அங்கேதான். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் கூடப்போனேன். ஆலமரத்தடியில் கன்வஸைச் சாய்த்து வைத்து, அடுப்புக்கரியாலும், பசை கலந்து குழைத்த அந்தக் காணியின் செம்பாட்டு மண்ணாலும் கீறினார். நாம்பனை நேரே பார்க்கமாட்டார். பார்த்தால் அது போய்விடும். பக்கவாட்டில் இருந்து, தனக்கு அதில் அக்கறையே இல்லாதது மாதிரி ஒரு நடிப்பு. நாம்பனுக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு எட்டு, மூன்று எட்டு என்று கிட்ட வந்தது. ஐந்தாம் நாள் அதன் மூச்சு எனக்குக் கேட்டது. படத்தில் திமில் வந்துவிட்டது, கொம்பு வந்துவிட்டது, கால்கள் வந்துவிட்டன. கண் மட்டும் இல்லை.

“கண் இன்னும் வரேல்லையடி. அது என்னை ஒருக்கா வடிவாய்ப் பாக்கவேணும். இன்னும் ஒரு கிழமை கிடைச்சால் காணும்.”

அன்றைக்கு மத்தியானம் அப்பா இரண்டு கூலியாட்களோடு வந்து, அடுத்தநாள் காலையில் காடழிக்கப் பெக்கோ வருகிறது என்றார். மண்ணைக் கிண்டி மரத்தைச் சரிக்கும் அந்த மஞ்சள் இயந்திரத்துக்கு ஊரெல்லாம் அடிபாடு. காணி திரும்பக் கிடைத்த எல்லோருக்கும் அது வேண்டும். மாமி ஒரு கிழமை தவணை கேட்டார்.

“கீறினது காணும். படத்துக்குள்ளை போய்க் குடியிருக்கேலாது” என்றார் அப்பா.

மாமி இரண்டாம் தரம் கேட்கிற ஆள் இல்லை. கரித்துண்டை எடுத்துக்கொண்டு போய் மறுபடி இருந்தார். ஆனால் கீறவில்லை. எனக்கு அப்பாவில் அப்படியொரு கோபம் வந்தது.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, ஓடாதே, வந்த அடியிலேயே திரும்பிப் போ, பெரியவருக்குச் சொல். மிதிவெடி என்ற சொல்லுக்கு எந்தப் பெரிய வேலையும் நின்றுவிடும் என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நான் கிணற்றடிப் பற்றைக்குள் போய் நின்றுகொண்டு, “அப்பா, இஞ்சை ஒரு வட்டச் சாமான் கிடக்குது!” என்று கத்தினேன்.

பெரியவர்கள் மெல்ல மெல்ல வருவார்கள், நாடியைத் தடவுவார்கள், பெக்கோவை நிற்பாட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். என் அப்பா தபால் கந்தோரில் வேலை செய்கிற, குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அசையாதே என்று சொல்ல நினைத்திருப்பார் போலும், ஆனால் எனக்குக் கேட்டதில் சொல் இல்லை. பாதையால் அவர் வரவில்லை. ஈச்சம் பற்றையையும் முள்ளையும் பிய்த்துக்கொண்டு நேராக வந்தார். வேட்டி கிழிந்து தொங்கியது, பல் தெரிந்தது, கண்ணில் வெள்ளை மட்டும்தான் இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நாம்பன் வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து ஓடியது. அவ்வளவு பெரிய நாம்பன் என் அப்பாவுக்கு வழிவிட்டதைக் கண்ணால் கண்டேன்.

என்னை வாரித் தூக்கிக்கொண்டு அவர் ஓடினார். “அப்பா, ஓடக்கூடாது, வந்த அடியிலைதான் போகவேணும்” என்று பாடத்தைச் சொல்லிக்கொண்டே போனேன். அவருக்குக் கேட்கவில்லை. வேலி மரங்களுக்கிடையால் நுழைந்து றோட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. பின்னால் ஓடிவந்த மாமி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்துவிட்டு மாமி, என்னை அல்ல, அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா மதிலோரம் போய்க் குந்தியிருந்து, சாப்பிட்டதெல்லாம் வெளியே வரச் சத்தியெடுத்தார்.

என் திட்டம் வெற்றி. பெக்கோ நின்றது. மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து காணியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, மண்டையோட்டுப் பலகையும் நட்டார்கள். ஒருவரும் உள்ளே போகக்கூடாது. மாமியும் போகக்கூடாது. கண்ணில்லாத நாம்பனோடு கன்வஸ் ஆலமரத்தடியிலேயே நின்றுபோயிற்று. இதை நான் யோசிக்கவில்லை, பாருங்கள்.

பிறகு மழை தொடங்கியது. மாமி தினமும் காங்கேசன்துறைக்குச் சைக்கிள் மிதித்துப் போய், நாடாவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நனைந்துகொண்டு வருவார். ஒரு சொல் குறை சொல்லவில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று, அதன் அதிபர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, விழிப்பான பிள்ளை என்று புகழ்ந்தார். அந்தக் கைதட்டு அப்போதுதான். என் காதிரண்டும் சுட்டது. வீட்டுக்கு வந்த கையோடு மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

மாமி எனக்கு ஏசவில்லை. எழும்பிப் போய் அறைச் சுவரைச் சாண் சாணாக அளந்தார்.

“கொப்பாட்டை நீதான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்” என்றார் கடைசியாக. அன்று பின்னேரமே சுவரளவு ஒரு துணியை விரித்து வைத்துக்கொண்டு, அறைக்கதவைச் சாத்தினார்.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லப் போவேன், அவர் முகத்தைப் பார்ப்பேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். இதற்குள் அகற்றுகிறவர்கள் தேடி முடித்து, கிணற்றடியில் ஒரு பால்மாத் தகர டின்னின் துருப்பிடித்த மூடியை மட்டும் கண்டெடுத்தார்கள். “பிள்ளை கண்டது இதைத்தான்” என்று எல்லோரும் ஆறுதல் பட்டார்கள். பொய்க்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. கன்வஸும் திரும்பி வந்தது. கரியெல்லாம் மழையில் வழிந்து, விழுந்து கிடந்த கன்வஸின் நடுவில் நாம்பன் செம்பாட்டு மண்ணில் பதித்த ஒரு குளம்படி. மாமி விழுந்து விழுந்து சிரித்தார். “உவன் என்னைவிட நல்லாய்க் கீறியிருக்கிறான்!”

கண்காட்சியில் அந்தக் கன்வஸையும் அப்படியே தொங்கவிட்டிருந்தார்கள். ஆனால் சனம் கூடி நின்றது மாமி கதவைச் சாத்திக்கொண்டு கீறிய மற்றப் படத்துக்கு முன்னால். நான் இடுக்கால் புகுந்து முன்னுக்குப் போனேன், போன வேகத்தில் மூன்றடி பின்னுக்கு வந்தேன். சுவர் முழுக்கக் கரியும் செம்மண்ணும். மரங்கள் இரண்டு பக்கமும் விலக, நடுவில் ஒன்று பாய்ந்து வருகிறது. மனிதனா மிருகமா தெரியாது. முழங்கால், கிழிந்த துணி, பல், இரண்டு வெள்ளைக் கண். அதன் நெஞ்சோடு ஒரு குஞ்சு. தின்னக் கொண்டுபோகவில்லை என்பது பிடித்திருந்த பிடியில் தெரிந்தது. சுவரை விட்டு இறங்கி என் மேலால் போய்விடும் என்று பயந்தேன். பயந்துகொண்டே பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

“மாமி, இது என்ன மிருகம்?”

“வடிவாய்ப் பார்.”

வடிவாகப் பார்த்தேன். நெற்றி அப்பாவுடையது. அப்படியென்றால் குஞ்சு நான்தானே? எனக்குச் சரியான கோபம் வந்துவிட்டது.

“எனக்கு ரெண்டு பின்னல் இருக்கு. இது மொட்டை. நான் உவ்வளவு சின்னனே?”

“அது நீயெண்டு உனக்கு ஆர் சொன்னது?” என்றார் மாமி.

அப்போது அப்பா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். தன்னை மிருகமாகக் கீறியதைக் கண்டு அவருக்குப் பெரிய கோபம் வரப்போகிறது, அந்தப் பெரிய கோபத்துக்குள் என்னுடைய சின்ன விஷயம் அகப்படாமல் போய்விடும் என்று நான் கணக்குப் போட்டேன்.

“அப்பா, கிணத்தடியிலை ஒண்டும் இருக்கேல்லை. நான் பொய் சொன்னனான்.”

“ம்” என்றார். திரும்பவேயில்லை. பிறகு மாமியிடம், “உனக்கு ஞாபகம் இருக்கே?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை. அண்டைக்கு உங்களைப் பாத்தாப் பிறகுதான்…” என்று மாமி நிறுத்திவிட்டார்.

ஊர் எழும்பி ஓடிய காலையில், ஷெல் விழ விழ, பதினாலு வயதுப் பெடியன் ஒருவன் இரண்டு வயதுத் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பூவரசம் வேலியைப் பிய்த்து ஓடினான் என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை. அது எனக்குத் தெரியவர இன்னும் ஆறேழு வருடம் இருந்தது. அன்றைக்கு நான் விளங்கிக்கொண்டதெல்லாம், படம் வடிவாக இருந்தபடியால் அப்பா எனக்கு அடிக்கவில்லை என்பதுதான்.

அவர் குனிந்து என்னைத் தூக்கினார். ஒன்பது வயதுப் பெட்டையை, இரண்டு பின்னலோடு, அவ்வளவு சனத்துக்கு நடுவில். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் வேறு வாசலில் நின்றார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இறக்கி விடுங்கோ அப்பா, சனம் பாக்குது!” என்று காலை உதறினேன். அவர் விடவில்லை.