ஒரு சிவப்பு விழுந்தால் மாதமே போச்சு

1. வந்த அன்றே கிடைத்த பொறுப்பு

வலியசாலையில் விடிகாலை கிளம்பி, தம்பானூரில் பஸ் பிடித்து, பொன்முடி மலையடிவாரத்துப் பள்ளிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முதல் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. தமிழ் மீடியம் ஆறாம் வகுப்புக்கு மாற்றலாகி வந்த டீச்சர் நான். கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்பு ரிஜிஸ்டரை என் முன்னால் விரித்தார். பக்கமெல்லாம் சிவப்பு மையில் ஆப்சென்ட்.

“டீச்சரே, தமிழ் டிவிஷன் மட்டும் எப்பவும் இப்படியாணு. மேலேருந்து கேள்வி வருது. இனி ஹாஜர் உங்க பொறுப்பு, கேட்டோ” என்றார். அவர் மலையாளி. எனக்காகத் தமிழ் பேசுவார், அதில் பாதி மலையாளமாக இருக்கும்.

வகுப்பில் எல்லோரும் தேயிலை எஸ்டேட் லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்து வரும் பிள்ளைகள். எனக்கோ இருபது வருட சர்வீஸ். பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பது என்ன பெரிய வித்தையா என்று நினைத்தேன். அந்தத் திமிருக்குக் கிடைத்த பாடத்தைத்தான் எழுதுகிறேன்.

2. நட்சத்திர சார்ட்

ஒரு நாளில் இரண்டு தடவை பேர் கூப்பிடுவோம். காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. காலையில் பேர் கூப்பிட்டு முடித்தபின் வருகிறவருக்கு அந்த வேளை சிவப்புதான்.

நான் ஒரு பெரிய சார்ட் வாங்கிச் சுவரில் ஒட்டினேன். மாதம் முழுக்க ஒரு சிவப்புகூட விழாத பிள்ளைக்குப் பேருக்கு நேரே தங்க நிற நட்சத்திரம். வகுப்பில் ஒருவருக்குமே சிவப்பு இல்லை என்றால், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க கிரவுண்டில் விளையாட்டு. ஒருவருக்கு விழுந்தாலும் விளையாட்டு கிடையாது.

முதல் மாதம் பிள்ளைகள் ஓடோடி வந்தார்கள். ஒருத்தி காய்ச்சலோடு வந்து பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். அதையும் நான் பெருமையாகத்தான் நினைத்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஸ்டாஃப் மீட்டிங்கில் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் புகழ்ந்தார், எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் மாதத்தில் சுகந்தி என் தலையைக் குழப்ப ஆரம்பித்தாள். பதினோரு வயது, கணக்கில் கெட்டி, கொழுந்து பறிக்கும் மாரியம்மாளின் ஒரே மகள். எஸ்டேட்டின் மேல் டிவிஷன் லயத்திலிருந்து எங்கள் வகுப்புக்கு அவள் ஒருத்திதான். எட்டு நாள் ஒழுங்காக வந்தாள். ஒன்பதாம் நாள் லேட்டாக வந்தாள். அதற்குப் பிறகு மாதம் முடியும்வரை ஆளையே காணோம். அடுத்த மாதம் முதல் தேதி பார்த்தால், இரட்டைப் பின்னலோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து நாள் வந்தாள், ஆறாம் நாள் லேட், மறுபடி மாயம். அதற்கடுத்த முதல் தேதியிலும் தவறாமல் வந்து நின்றாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு முதல் தேதி மட்டும் எப்படிச் சரியாகும்? யானை பயம் என்றார் பியூன். யானை காலண்டர் பார்த்தா வரும்? வீட்டில் சம்பள நாளைப் பொறுத்த ஏதோ சிக்கல் என்றார் மலையாளம் டீச்சர். அவளையே கேட்டால் “ஒண்ணுமில்ல டீச்சர்” என்று தரையைப் பார்ப்பாள். ஒவ்வொரு ஆப்சென்டுக்கும் அம்மாவின் போனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழும், பதில் வராது.

மூன்றாவது தடவை அவள் மறைந்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார். இப்படியே நீண்டால் ரிஜிஸ்டரில் பேரை வெட்ட வேண்டியதுதான், ரூல் அது, வரும் புதன்கிழமை வரை பார்க்கலாம் என்றார். பேர் வெட்டினால் திரும்பச் சேர்க்க அந்த அம்மா வேலையை விட்டு இறங்கி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். சுகந்தியின் படிப்பு அதோடு முடிந்துவிடும்.

3. லயத்தில்

சனிக்கிழமை மலையேறினேன். மாரியம்மாள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளை ஏன் அனுப்புவதில்லை என்று சண்டைக்குப் போனவள் மாதிரிக் கேட்டேன். அவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

“என்ன டீச்சர் சொல்லுதீய? தெனமும் பேக்கைத் தூக்கிட்டுத்தானே போறா. நாலு மணிக்கு மேல வாறா. அப்போ பிள்ள எங்க போவுது?”

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் அனுப்பிய செய்திகளைக் கேட்டேன். அவளுக்குப் படிக்க வராது, போனில் எது வந்தாலும் மகள்தான் வாசித்துச் சொல்வாளாம். பள்ளியிலிருந்து வந்ததை மட்டும் மகள் திறந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லவே இல்லை.

சுகந்தி உள்ளேயிருந்து வந்தாள். அம்மா கை ஓங்கினாள், நான் நடுவில் நின்றுகொண்டேன். கீழ் டிவிஷன் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவுக்கு ஒத்தாசையாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்றாள். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பிடிக்கும் என்றாள். அப்புறம் ஏன் என்றேன்.

“ரோட்டுல மரம் விழுந்து பஸ் லேட்டாச்சு டீச்சர். நீங்க ரெட் போட்டீங்க. எனக்கு ஸ்டார் போச்சு, என்னால கிளாஸுக்கே விளையாட்டும் போச்சு. யாரும் எங்கூடப் பேசல. அப்புறமும் மாசா மாசம் பஸ் லேட்டாகி ஒரு ரெட் விழுந்துச்சு. ஒரு ரெட்டுன்னாலும் பத்து ரெட்டுன்னாலும் ஒண்ணுதானே? அதான் ஒண்ணாந்தேதி புதுசா வரலாம்னு இருந்தேன்.”

அவள் போட்ட கணக்கில் பிழையே இல்லை. அந்தக் கணக்கை போர்டில் எழுதிக்கொடுத்தது நான். இனி சார்ட் கிடையாது, எந்நேரமானாலும் வா என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

4. செவ்வாய்க்கிழமை

திங்கட்கிழமை சார்ட்டைக் கிழித்தேன். எல்லா மாதமும் நட்சத்திரம் வாங்கிய பெண் தேம்பித் தேம்பி அழுதாள். அவளுக்கு என்ன சமாதானம் சொல்வது? ஹெட்மிஸ்ட்ரஸும் விடவில்லை.

“நல்லா போயிட்டிருந்த சார்ட்டு அல்லே? ஒரு குட்டிக்கு வேண்டி மத்தவங்களோடத எடுக்கணுமா டீச்சரே?”

அது நியாயமான கேள்விதான். சார்ட் போனபிறகு சிலர் சின்னக் காரணத்துக்கெல்லாம் மட்டம் போட்டதும் உண்மை.

திங்கட்கிழமை சுகந்தி வரவில்லை. செவ்வாய் காலையிலும் முன் பெஞ்சில் அவள் இடம் காலி. ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்ன புதன்கிழமைக்கு ஒரே நாள்தான் பாக்கி. மலையில் ஒரே பனிமூட்டம். நான் பாடம் நடத்தினேனே தவிர, என்ன நடத்தினேன் என்று தெரியாது. பதினொன்றரைக்கு வாசலில் நிழல் தெரிந்தது. நனைந்த பாவாடையோடு நின்றாள்.

“டீச்சர், இப்ப வந்தா வந்ததாகுமா?”

ஆகும், உள்ளே வா என்றேன். ரூலை மீற முடியாது, காலை வேளைக்குச் சிவப்பு போட்டேன். அவள் மேஜையருகே நின்று அதைப் பார்த்தாள். இளைய டீச்சர்களுக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். பிள்ளை வராத நாளுக்குத் திட்டம் போடும்முன், வராமல் போய்விட்டுத் திரும்பி வரும் நாளுக்கு ஒரு வழி வைத்திருங்கள். மற்றபடி எது சரி, எது தப்பு என்று எனக்கே இன்னும் குழப்பம்தான்.

சுகந்தி தன் இடத்துக்குப் போனாள். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள். சிவப்பு விழுந்த பிறகும் அவள் அன்று நாலு மணி வரை வகுப்பில் இருந்தாள்.