அப்பா சாப்பிட்ட கிறிஸ்மஸ்

டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி எங்கள் வீட்டில் கஞ்சி. மற்ற நாட்களில் சோறும் மீன்குழம்பும் உண்டு. அன்றைக்கு மட்டும் நொய்க்கஞ்சியும் துவையலும்தான். தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள். வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கும், ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை கேட்காமலே உள்ளே வந்துவிடும். நாங்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் அப்பா எல்லாரும் போகிற சர்ச்சுக் கோயிலை விட்டுவிட்டு ஒரு கண்டிப்பான சபையில் சேர்ந்திருந்தார். அங்கே வெள்ளை உடுப்பு மட்டும்தான். நகை கிடையாது, பூ கிடையாது, வேதத்தில் சொல்லாத பண்டிகை எதுவும் கிடையாது. அவர் வேலை பார்த்த தோல் ஷாப்பில் அன்றைக்குக் கிறிஸ்தவர்களுக்கு விடுப்பு கொடுப்பார்கள். அப்பா வாங்க மாட்டார். நாங்கள் கொண்டாடுகிறோம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதாம். இப்போது யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. அந்தச் சந்தில் அந்த நாளை எங்களைப் போல ஞாபகம் வைத்திருந்தவர்கள் வேறு யாருமில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் மாட்டுங்காவில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். டிராம்பே எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த ஒருவரைக் கோயிலில் வைத்து, தங்கத் தாலியோடு கல்யாணம் செய்துகொண்டேன். அடுத்த ஞாயிறே சபையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அப்பா திட்டவில்லை. "நல்லா இரும்மா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

செம்பூர் அறையில் முதல் டிசம்பர் வந்ததும் எனக்கு ஒரு வெறி பிடித்தது. இத்தனை வருஷம் இல்லாததையெல்லாம் ஒரே வருஷத்தில் செய்துவிட வேண்டும். பக்கத்து அறைக் கோவா ஆண்டியிடம் சீப்பில் மாவை உருட்டிப் பொரிக்கும் கல்கல் பலகாரம் செய்யக் கற்றுக்கொண்டேன். கேக் மாவைத் தகரத்தில் ஊற்றி, பெயர்ச்சீட்டு ஒட்டி, பேக்கரி அடுப்பில் கொடுத்து வாங்கி வந்தேன். நட்சத்திரத்தைக் கட்டத் தெரிந்ததே தவிர எப்போது கழற்ற வேண்டும் என்று தெரியவில்லை. பிப்ரவரியில் ஆண்டி வந்து, "அரே, அபி தக்?" இன்னுமா என்று கேட்ட பிறகுதான் இறக்கினேன். உண்மையைச் சொன்னால், இத்தனையும் செய்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. ஆபீஸில் கடிதம் அடிப்பது போலத்தான் இருந்தது. இப்போது வாஷி ஃபிளாட்டில் மருமகள் செல்போனிலேயே கேக் சொல்லிவிடுகிறாள். அவள் பாடிக்கொண்டே விளக்குக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த முதல் வருஷம் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அப்பா என் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் படி ஏறவில்லை. நேரே தாராவிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"அந்த நாளுக்கு வேதத்துல ஆதாரம் இல்லம்மா. எல்லா நாளும் ஒரே நாள்தான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லா நாளும் ஒண்ணுதானேப்பா? அப்ப அந்த ஒரு நாள் மட்டும் என்ன குத்தம் பண்ணிச்சி? சும்மா மக வீட்டுக்கு வாங்க."

அப்பா வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

ஆனால் வந்தார். தோல் ஷாப்பில் விடுப்பு வாங்கிக்கொண்டு, வெள்ளை வேட்டியில், சரியாக மதியம். நட்சத்திரத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கண்ணை மூடி எப்போதும் போல நீளமாக ஜெபித்தார். கறிச்சோறு சாப்பிட்டார். கேக்கையும் சாப்பிட்டார், விரலில் ஒட்டியிருந்த துணுக்கு உட்பட. என் வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை.

மறுவாரம் அம்மா வந்து சொன்னாள். "ஒங்க அப்பா சபையில எல்லாருக்கும் முன்னால முழங்கால்ல நின்னாக ட்டி. மக வீட்டுல போயி பண்டிகைச் சாப்பாடு சாப்ட்டுட்டேன், மன்னிக்கணும் ஆண்டவரேன்னு அழுதாக."

என் வீட்டில் சாப்பிட்டது பாவம். அழுகை வரவில்லை. மீதிக் கேக்கைத் துண்டு போட்டு அம்மாவுக்குக் காபி கலந்து கொடுத்தேன்.

இனிக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த டிசம்பரில் கூப்பிடவும் இல்லை. இருபத்தைந்தாம் தேதி மதியம் கதவைத் தட்டிக்கொண்டு அப்பா நின்றார். சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் மன்னிப்புக் கேட்டார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மெஸ்ஸில் பரிமாறுகிறவள் போலப் பரிமாறினேன். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என்னை நினைத்து வெட்கப்படுகிற மனிதரிடம் என்ன உபசாரம் என்று இருந்தேன். இப்படி நாலு கிறிஸ்மஸ் போயிற்று.

ஐந்தாவது கிறிஸ்மஸுக்கு அப்பா இல்லை. அக்டோபரில் மாரடைப்பு, ஒரே நாளில் முடிந்துவிட்டது. அடக்கத்துக்குப் போனபோதும் நான் மரத்துப்போய்த்தான் நின்றேன். சபைக்காரர்கள் யாரும் என்னிடம் பேசவில்லை. எல்லாரும் போன பிறகு, மனசில் கிடந்ததை அம்மாவிடம் கொட்டினேன்.

"வருஷா வருஷம் என்னைப் பாவம்னு சொல்லி முழங்கால்ல நின்னாரே, அதுக்கு வராமலே இருந்திருக்கலாமேம்மா."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"சபை மூப்பர் ஒவ்வொரு வருசமும் கேப்பாரு ட்டி, இனிமே மக வீட்டுக்குப் போக மாட்டேன்னு சொல்லுங்கன்னு. அத மட்டும் அவுக கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."