முன்னாடியும் எட்டு, பின்னாடியும் எட்டு

எங்க ஊட்டுக்காரர் பதினாலு வருசம் அடுத்தவங்க லாரிய ஓட்டிட்டு, ஒருவழியா சொந்தமா ஒண்ணு வாங்கினாரு. நம்பர் வந்துச்சு பாருங்க, 8128. அன்னிக்கே மனுசன் மூஞ்சி தொங்கிப்போச்சு.

சங்ககிரியில நம்பரக் கூட்டிப் பாக்காம யாரும் லாரிக்குப் பூசை போடமாட்டாங்க. எட்டு வந்தா ஆவாது. அவரு முந்தி ஓட்டின லாரியோட நம்பரக் கூட்டினா எட்டு. அது மலை இறக்கத்துல கவுந்து, கால்ல கம்பி வெச்சு ஏழு மாசம் ஊட்டுல கெடந்தாரு. இதக் கூட்டினா பத்தொம்பது, அப்பறம் பத்து, கடைசியில ஒண்ணுதானேங்கன்னு சொல்லிப் பாத்தேன். முன்னாடியும் எட்டு, பின்னாடியும் எட்டு, நடுவுல மாட்டிக்கிட்டவன் நான்னாரு. ஒரு மாசமா புது லாரி வேப்பமரத்தடியிலயே நின்னுச்சு. லோடு கேட்டு வர்ற போனுக்கெல்லாம் நாளைக்கு வாரேன்னு சொல்லி வெச்சுடுவாரு. இனி ஸ்டியரிங்கையே தொடமாட்டாரோன்னு எனக்குத் தோண ஆரம்பிச்சுடுச்சு.

நான் பள்ளிக்கூடத்துல கணக்கு நடத்தறவ. அது என்ன நம்பர்னு பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். சொன்னாக் கேக்கற ஆளா? ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பொறுமை போயி, சாக்பீஸ எடுத்துட்டுப் போயி லாரியோட பின்கதவுலயே எழுதினேன். 8128-ஐ மீதியில்லாம வகுக்கற எண்ணெல்லாம், அத மட்டும் விட்டுட்டு: 1, 2, 4, 8, 16, 32, 64, 127, 254, 508, 1016, 2032, 4064. கூட்டுங்கன்னேன்.

புதுக் கதவுல எதுக்குக் கிறுக்கறேன்னு முணுமுணுத்துக்கிட்டேதான் கூட்டினாரு. அறுபத்திநாலு வரைக்கும் கூட்டினா நூத்தி இருபத்தேழு. அடுத்த எண்ணும் அதேதான். அதையும் சேத்தா இருநூத்தி அம்பத்திநாலு. அடுத்ததும் அதேதான். குரல் மெதுவாச்சு. கடைசியில 8128 வந்து நின்னுச்சு, ஒண்ணு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. இதுக்கு நிறைவெண்ணுன்னு பேரு, ஒண்ணுலேர்ந்து பத்தாயிரம் வரைக்கும் நாலே நாலுதான் இருக்குதுன்னேன். இன்னொருக்காக் கூட்டிப் பாத்துட்டுச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்பறம் கேட்டாரு: "அப்ப இந்த நம்பர் இருந்தா ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஆமாங்கன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே வண்டிய எடுத்திருப்பாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா எட்டு கவுத்துடும்னு சொல்றதும், இது காப்பாத்தும்னு சொல்றதும் ஒண்ணுதானே?

"நம்பர் காப்பாத்தாதுங்க. கவுக்கவும் கவுக்காது. ஓட்டறது நீங்க."

அவரு உள்ள போயி சாவிய எடுத்துட்டு வந்தாரு. கெளம்பிடுவாருன்னு பாத்தா, இடதுபக்கக் கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டு, "அப்ப நீயும் ஏறு சாமி"ன்னாரு.

அந்தப் பழைய லாரி கவுந்ததுலேர்ந்து நான் அவரு ஓட்டற எந்த வண்டியிலயும் ஏறினதில்ல. ஏதாவது சாக்குச் சொல்லி பஸ்ஸுல போயிடுவேன். எட்டுன்னா எனக்குப் பயமே இல்லைங்க, அவரு ஓட்டறதுக்குத்தான் பயந்தேன். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்ல. அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்குது.

சீலைய இடுப்புல சொருகிக்கிட்டு, அவரு கையப் புடிச்சு ஏறினேன்.