மச்சான் கூரையில் நாலு கல்

இது நடக்கும்னு நான் அப்பவே சொன்னேன்.

எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல செல்லையா மச்சான் டிவி பார்க்கிறதுக்காகக் கூரையில சோலார் தகடு வெச்சாரு. கம்பி நேரா பேட்டரிக்குப் போகுது, நடுவுல ஃபியூஸ் இல்ல.

"சோதிச்சுப் பார்த்தீங்களா மச்சான்?"னு கேட்டேன்.

"பல்ப் எரியுதுல்ல, வேற என்ன சோதனை?"ன்னு சிரிச்சாரு.

தகட்டை ஆணி அடிச்சும் இறுக்கல. தகரம் பறக்காம இருக்க நாம கல்லு வைப்போமே, அதே மாதிரி நாலு கல்லு.

இன்னைக்கு மத்தியானம் லொறியையே தூக்குற காத்து. தகடு புரண்டு, கம்பி ரெண்டும் தோல் உரிஞ்சு தகரத்துல உரசிருச்சு. பேட்டரிப் பக்கம் புகை, நுவரெலியா வரைக்கும் தெரிஞ்சிருக்கும். லயத்துல பத்துக் காம்பரா வீட்டுக்கும் ஒரே கூரை! என் தங்கச்சிதான் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுற கத்தியால கம்பியை வெட்டினா.

சாயங்காலமே மச்சான் ஃபியூஸ் போட்டு, தகட்டையும் முடுக்கிட்டாரு. நிம்மதியா தூங்குங்க.

மேல உள்ள அந்த ரெண்டு வரி மட்டும், பிள்ளைங்க பயப்படக் கூடாதுன்னு நானா சேர்த்தது. ஃபியூஸ் இல்லாமலே கம்பியை முறுக்கி ஒட்டியாச்சு. மேல அதே நாலு கல்லு. காத்து மறுபடி எழும்புது.

ஃபியூஸ் வெச்சிருக்கிறவங்க லயத்து அறிவிப்புப் பலகையான இதுலயே கீழ எழுதிட்டுப் போங்க. சீக்கிரம்.