சாமியை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்

எம்ஆர்ஐ எடுப்பவளின் வேலை பார்வைக்கு மிகச் சுலபம்: ஆளைக் குழாய்க்குள் படுக்கவைத்து "அசையாதீங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பொதுமக்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் என் இனமே, அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! எங்கள் இயந்திரம் ஒரு ராட்சதக் காந்தம். உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது. நம்மவர்களோ கழுத்திலும் இடுப்பிலும் சாமியைக் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். போன மாதம் ஒரே வாரத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கழற்ற மாட்டேன்

திங்கட்கிழமை பிடோக் வட்டாரத்திலிருந்து ஓர் அக்கா வந்தார், ஐம்பது வயதிருக்கும். காதுக்குப் பின்னால், தலைக்குள் கட்டி. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. எங்கள் படம் இல்லாமல் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். தள்ளிப்போட்டால் காது போய்விடும் என்று எழுதியே அனுப்பியிருந்தார்.

தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றியவர், தாலி என்றதும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அரை மணி நேரம் மன்றாடினேன். கடைசியில் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். இங்கே பெரியவர்கள் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "மிஸ்ஸி, கழட்டாம எடுக்கிற மிஷின் எங்கயாச்சும் இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

ஒண்ணும் இல்ல சிஸ்டர்

செவ்வாய்க்கிழமை பொங்கோலிலிருந்து ஓர் எஞ்சினியர். உலோகம் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டேன், "கன்ஃபர்மா ஒண்ணும் இல்ல" என்றார். சோதனைக் கருவியை இடுப்பருகே கொண்டுபோனேன், அலறியது. அரைஞாண் கயிற்றில் செப்புத் தாயத்து! இது என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "இது மெட்டல் இல்ல சிஸ்டர், சின்ன வயசுலேர்ந்து இருக்கு லா."

நூற்றெட்டு

உள்ளே பயமாக இருந்தால் அழுத்துங்கள் என்று கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம். அழுத்தினால் என் மேசையில் மணி அடிக்கும். புதன்கிழமை வந்த சிராங்கூன்காரர், ஓய்வுபெற்ற குமாஸ்தா. முழங்காலுக்குப் படம். படுத்த ஒரு நிமிடத்தில் மணி. எழுவதற்குள் மறுபடி மணி. நான் ஓடிக் கதவைத் திறப்பதற்குள் பதினொரு மணி அடித்துவிட்டது.

மனிதர் செத்தே போனார் என்று நினைத்து வெளியே இழுத்தேன். கண்ணை மூடி முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார், பெயருக்கு ஓர் அழுத்து. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவருக்கும் கோபம்தான். "இன்னும் தொண்ணூத்தேழு பாக்கி இருக்கே, அதுக்குள்ள ஏன் இழுத்தீங்க?"

சத்தம்

அன்று மதியமே பிடோக் அக்கா திரும்பி வந்தார். தாலிக்குப் பதிலாக மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கட்டியிருந்தார். அட, இவ்வளவு சுலபமா என்று மகிழ்ந்தேன். முகத்தின் மேல் கூடு மாதிரி ஒன்றை மாட்டி உள்ளே அனுப்பியதும், உரக்கப் பிரார்த்தனை தொடங்கிவிட்டது. வாய் அசைந்தால் படம் கலங்கும், மனதுக்குள் சொல்லுங்கள் என்று மைக்கில் கத்தினேன். உடனே பந்தை அழுத்தி வெளியே வந்துவிட்டார். "மனசுக்குள்ள சொன்னா, இந்தச் சத்தத்துல சாமிக்குக் கேக்குமா மிஸ்ஸி?"

இருக்கீங்களா?

வியாழக்கிழமை அக்காவுக்குக் கடைசி வாய்ப்பு. "பாரத்த அவன்மேல போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தானாகவே போய்ப் படுத்தார். இயந்திரம் ஓடும்போது இம்மிகூட அசையவில்லை. அது நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் மட்டும், "மிஸ்ஸி, இருக்கீங்களா?" என்று ஒரு குரல். இருக்கேன் என்றேன். நான்கு நிமிடம் கழித்து மறுபடி. ஆறாவது தடவை பொறுமை போய்விட்டது. "சாமியை நம்பித்தானே உள்ள போனீங்க, அப்புறம் என்னை எதுக்கு ஏலம் விடுறீங்க?" என்று கேட்டே விட்டேன்.

சொன்ன பிறகு எனக்கே சங்கடமாகிவிட்டது. படம் முழுவதும் பளிச்சென்று வந்தது. வெளியே இழுத்தபோது அக்காவின் உடை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா முப்பது நிமிடம் படுத்திருந்தார் என்று எனக்குக் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி எங்கயும் போகாதுன்னு தெரியும் மிஸ்ஸி, நீங்கதான் பாதியில தேத்தண்ணி குடிக்கப் போயிடுவீங்களோன்னு பயந்தேன்."

சாமியை நம்ப எல்லாராலும் முடிகிறது, ஆனால் என்னையும் என் முன்கோபத்தையும் நம்பி அந்தக் குழாய்க்குள் படுப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் உறைத்தது.