'நல்லாருக்கு' சொல்லக் கூடாத கூடாரம்

ஜூன் பிறந்து சோங்-கோல் ஏரிப் புல்வெளிக்கு நாங்கள் ஆடுகளோடு ஏறினால், பின்னாலேயே புருல்சாவும் வந்துவிடுவாள். பதினோரு கோடைகளாக அவளுடைய கம்பளிக் கூடாரம்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் நிச்சயமான வருடமே மாப்பிள்ளை லாரியோடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். அதன் பிறகு பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அவள் கூடாரத்தில் ஒரே சட்டம்தான். 'நல்லாருக்கு' என்று சொல்லக் கூடாது. பிள்ளைகள் கண்ணை மூடிக் கை நீட்ட, ஒரு காய்ந்த தயிர் உருண்டையை வைப்பாள்.

"எப்படி இருக்கு?"

"நல்... சொரசொரன்னு இருக்கு டீச்சரக்கா. பூனை நாக்கு மாதிரி."

"வாயில போட்டா?"

"மொதல்ல உப்பு. அப்புறம் காது வரைக்கும் புளிக்குது."

மேகம் கூடாரத்துக்குள் புகுந்துவிடும் காலைகளில் முகங்கள் தெரியாது, குரல்கள் மட்டும் மிதக்கும். புல்வெளியே தூக்கத்தில் பேசுவது போலிருக்கும்.

பூனை நாக்கு என்றவள் ஐந்து வயது சாய்கால். அவள் அம்மா நுர்சாதா இரண்டு வருடமாக மாஸ்கோவில் பாத்திரம் கழுவுகிறாள். பிள்ளை மாமன் தொக்தோசுனிடம் வளர்கிறது. மேட்டின் மேல்தான் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஞாயிறு மதியம் அங்கே போய் நின்றால், அம்மா எதைக் கேட்டாலும் பிள்ளையிடமிருந்து வருவது "நல்லாருக்கேன்" ஒன்றுதான்.

போன வாரம் நுர்சாதா அண்ணனிடம் உடைந்துபோனாள். "எம்புள்ளைக்கு நான் யாரோ ஆயிட்டேண்ணே. வர்ற ஞாயிறு ஒரு தடவை கூப்பிடறேன். அதோட சரி."

தொக்தோசுன் நேரே புருல்சாவிடம் வந்தான். "ஊர்ப்பிள்ளைங்களையெல்லாம் பேச வைக்கிறியே. தயிர் உருண்டைக்குத் தெறக்கிற வாய் பெத்தவளுக்குத் தெறக்கலையே, ஏன்?"

"தயிர் உருண்டை அவ கையில இருக்கு. அம்மா இல்லையே" என்றாள் புருல்சா.

ஞாயிறன்று அவளும் எங்களோடு மேடேறினாள். மணி அடித்ததும் தொக்தோசுன் ஸ்பீக்கரைப் போட்டுப் போனைப் பிள்ளை கையில் கொடுத்தான்.

"எப்படி இருக்கே கண்ணு?"

"நல்லாருக்கேன்."

எதிர்முனையில் பெருமூச்சு. புருல்சா பிள்ளையின் சடையை எடுத்து அவள் மூக்கருகே வைத்தாள். எங்களில் தாய்மார் பிள்ளைக்கு முத்தம் கொடுப்பதைவிட உச்சி முகர்வதுதான் அதிகம். "இது எப்படி மணக்குது? அம்மாவுக்குச் சொல்லு."

"புகை... நனைஞ்ச ஆடு... அப்புறம் புளிச்ச குதிரைப்பால். மாமா தலையில ஊத்திட்டார்."

"நானா ஊத்தினேன்? நீதானே கழுதை, தோல்பைக்குள்ள தலைய விட்டே?" என்றான் தொக்தோசுன்.

நுர்சாதா சிரித்தாள். பிறகு, மலைகளுக்கெல்லாம் அப்பாலிருந்து அவள் மூச்சை ஆழ இழுக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, உன் கை எப்படி மணக்குது?"

"நல்லாருக்கும்மா."

"அப்படிச் சொல்லக் கூடாது. டீச்சரக்கா ஒத்துக்க மாட்டாங்க."



"ப்ளீச்சிங் பவுடர் நாத்தம் கண்ணு. எவ்வளவு கழுவினாலும் போகல. விரலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. ரூம்ல சன்னல்கூட இல்ல."

தொக்தோசுன் முகம் வெளுத்தது. இரண்டு வருடமாக அவனும் கேட்டது "நல்லாருக்கேண்ணே" மட்டும்தான். போனைப் பிடுங்கினான். "வந்துடு. நம்மகிட்டப் பால் கறக்க ஆளில்ல. கெளம்பி வந்துடு."

"மாமா, நான் பேசிட்டிருக்கேன்ல?" சாய்கால் அவன் கையைத் தட்டிவிட்டுப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அம்மா, வெரல் எப்படி வலிக்குது? சுருக்குன்னா, கடுகடுன்னா?"

"கடுகடுன்னு, தங்கம்" என்று அழுதுகொண்டே சிரித்தாள் நுர்சாதா. "ராத்திரிதான் சுருக்குன்னு. சொல்றேன் கேளு..."

புருல்சா சத்தமில்லாமல் மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கினாள். அவளை மேகம் மூடிக்கொண்டது.